நுண்ணோக்கியும் பழகிய கண்ணும்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள், செகந்தராபாத்தில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியா நோயாளியின் குருதியைக் குடித்த கொசு ஒன்றை அறுத்து, அதன் இரைப்பைச் சுவரை நுண்ணோக்கியில் ஆராய்ந்து கொண்டிருந்தார். புழுக்கம் மிகுந்த அந்நாள்களில் விசிறியை இழுக்கச் செய்யவும் அவரால் இயலவில்லை. அறுத்து வைத்த நுண்ணிய உறுப்புகள் காற்றில் பறந்துவிடும். நெற்றியிலிருந்தும் கைகளிலிருந்தும் வழிந்த வியர்வையால் கருவியின் திருகுகள் துருவேறியிருந்தன என்றும், எஞ்சியிருந்த கண்ணருகு லென்சு விரிசல் கண்டிருந்தது என்றும் அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அத்தகைய கருவியின் வழியே, கொசுவின் இரைப்பைச் சுவரில் கருநிற மணிகளைக் கொண்ட வட்டமான அணுக்களை அவர் கண்டார். நோயாளிகளின் குருதியிலே மலேரியா ஒட்டுண்ணியின் உடலில் அவர் பன்முறை கண்டு பழகியிருந்த மணிகளே அவை. கொசுவின் உடலில் அவற்றைக் கண்டதும் அவற்றின் பொருளை அவர் கண் உடனே உணர்ந்தது. 1902ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனை இன்று பல பள்ளிகளில் காணப்படும் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அங்கே நுண்ணோக்கி பழுதற்றதாக, உறையிட்டு, பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டு, மீண்டும் பெட்டிக்குள்ளே செல்கிறது. மற்றொரு புறம், நாள்தோறும் கருவியைப் பயன்படுத்தும் ஆய்வுக்கூடங்கள் சிலவற்றில், லென்சில் உறைந்த எண்ணெயைத் துடைக்கவும் நேரமின்றி, வந்து குவியும் தகடுகள் விரைவாகப் பார்த்துத் தள்ளப்படுகின்றன. முதல் நிலையில் கருவி இருந்தும் கண் பழகுவதில்லை. இரண்டாம் நிலையில் கண் இருந்தும் அதற்கு ஒளியும் நேரமும் கிடைப்பதில்லை. கருவியை வாங்குவதற்குக் காட்டப்படும் ஆர்வத்தில் ஒரு பங்கேனும், தக்க ஒளி, போதிய நேரம், பழகிய கண் ஆகிய மூன்றையும் பேணுவதில் காட்டப்பட வேண்டும். இவை இல்லாதவிடத்து நுண்ணோக்கிக்காகச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீண் செலவேயாகும்.

உருப்பெருக்கமும் தெளிவும்

நுண்ணோக்கியைப் பற்றி முதலில் கேட்கப்படும் வினா, "இது எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்?" என்பதாகும். பொருளருகு லென்சின் பெருக்கத்தைக் கண்ணருகு லென்சின் பெருக்கத்தால் பெருக்கினால் இவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடும். ஆயினும், இது முதன்மையான வினா அன்று. அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் ஆற்றல் கருவிக்கு எவ்வளவு உண்டு என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. இதனைப் பிரிதிறன் என்பர். மனிதக் கண் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். அதனினும் சிறியவற்றைக் காண்பதற்கே நுண்ணோக்கி வேண்டப்படுகிறது.

பொருளருகு லென்சின் புறத்தே 10, 40, 100 என்னும் பெருக்க எண்ணை அடுத்து 0.25, 0.65, 1.25 என்பன போன்ற எண்ணொன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். இது எண் துளை எனப்படும். பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கூம்பை அந்த லென்சு எவ்வளவு அகலமாக ஏற்க வல்லது என்பதை இது குறிக்கும். ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்டு அபே 1873ஆம் ஆண்டில் நிறுவிய விதியின்படி, ஒளியின் அலைநீளத்தை எண் துளையின் இரு மடங்கால் வகுத்தால் பிரித்துக் காணக்கூடிய மிகச்சிறிய இடைவெளி கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளத்தை 0.55 மைக்ரான் எனக் கொள்வோமாயின், எண் துளை 0.65 உள்ள லென்சு 0.42 மைக்ரான் வரையிலும், 1.25 உள்ள எண்ணெய் லென்சு 0.22 மைக்ரான் வரையிலும் பிரித்துக் காட்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

40 மடங்கு பெருக்கும் பொருளருகு லென்சோடு 25 மடங்கு பெருக்கும் கண்ணருகு லென்சைச் சேர்த்தால் மொத்தப் பெருக்கம் 1000 மடங்காகும். 100 மடங்கு எண்ணெய் லென்சோடு 10 மடங்கு கண்ணருகு லென்சைச் சேர்த்தாலும் அதே 1000 மடங்குதான். ஆனால் முதற் சேர்க்கையில் உருவம் பெரிதாகத் தோன்றுமேயன்றி, அதன் நுட்பங்கள் இரண்டாம் சேர்க்கையில் தெரிவதில் பாதியளவே தெரியும். கிழிந்த செய்தித்தாளில் உள்ள மங்கலான படத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் அதில் புதிதாக ஒன்றும் தெரியாததைப் போன்றது இது. எனவே, விலைப்பட்டியலில் உள்ள பெரிய பெருக்க எண்ணைக் கண்டு கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏமாறக்கூடும்.

கருவியின் உறுப்புகள்

அடிக்கட்டை, வளைந்த கைப்பிடி, குழல், தகட்டை வைக்கும் மேடை, விரைவாக நகர்த்தும் பெருந்திருகு, மெல்ல நகர்த்தும் நுண்திருகு, லென்சுகளைத் தாங்கிச் சுழலும் மூக்குப் பகுதி என்னும் உறுப்புகளைப் பள்ளிப் பாடநூல்கள் யாவும் படத்தோடு விளக்குகின்றன. மாணவர்களும் அவற்றின் பெயர்களை நெட்டுருச் செய்து விடைத்தாளில் எழுதுகின்றனர். ஆயினும் மேடைக்குக் கீழே உள்ள உறுப்புகள் பெரும்பாலும் பெயரளவிலேயே நின்றுவிடுகின்றன. ஆடி, ஒளிக்குவிப்பான், ஒளியின் அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இதழ்த்தடுப்பு ஆகிய இம்மூன்றே, நல்ல லென்சின் ஆற்றலைக் காப்பதற்கும் கெடுப்பதற்கும் காரணமாக அமைகின்றன.

எண்ணெய் லென்சைப் பயன்படுத்தும்போது ஒளிக்குவிப்பானை மேடைக்கு மிக அருகில் உயர்த்தி, இதழ்த்தடுப்பைப் போதிய அளவு திறந்து வைத்தல் வேண்டும். ஒளி கூசுகிறது என்று குவிப்பானைக் கீழே இறக்கிவிட்டாலோ, இதழ்த்தடுப்பைப் பெரிதும் மூடிவிட்டாலோ, 1.25 எண் துளையுள்ள விலையுயர்ந்த லென்சும் எளிய லென்சைப் போலவே செயற்படும். ஒளி மிகுந்திருப்பின் விளக்கின் ஒளியையே குறைத்தல் முறை. சாயமேற்றாத நீர்த்துளியிலுள்ள உயிர்களைக் காண்பதற்கு மட்டும் இதழ்த்தடுப்பைச் சற்றே மூடுதல் நன்று. உருவின் விளிம்புகள் அப்போது எடுப்பாகத் தெரியும். ஒளிக்குவிப்பான் உள்ள கருவியில் ஆடியின் தட்டையான பக்கத்தையும், அஃதில்லாத பள்ளிக் கருவியில் குழிந்த பக்கத்தையும் பயன்படுத்த வேண்டும். கதிரவன் ஒளியை நேரே ஆடியில் விழச் செய்தல் கண்ணுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். இதனை ஆசிரியர்கள் முதல் வகுப்பிலேயே எச்சரித்தல் கடமையாகும்.

வகைகளும் தேவைகளும்

17ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக் ஒரே ஒரு சிறிய லென்சைக் கொண்டு குளத்து நீரிலுள்ள நுண்ணுயிர்களைக் கண்டார். பல லென்சுகளைக் கொண்ட கூட்டு நுண்ணோக்கிகள் அக்காலத்திலேயே இருந்தும், அவர் தம் கையால் தேய்த்து உருவாக்கிய ஒற்றை லென்சே தெளிவில் விஞ்சி நின்றது. அதே கொள்கையைப் பின்பற்றி, இந்தியாவில் பிறந்த மனு பிரகாஷ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியை உருவாக்கி, 2014ஆம் ஆண்டில் அதன் விவரத்தை வெளியிட்டனர். மிகச் சிறிய உருண்டை லென்சு ஒன்றே அதன் உயிர்ப்பகுதி. பள்ளி மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கத்தக்க எளிய கருவி இது.

கூட்டு நுண்ணோக்கியே ஆய்வுக்கூடங்களின் அன்றாடக் கருவி. பூச்சிகளையும் விதைகளையும் மலர்களின் உறுப்புகளையும் முழு வடிவில் காண, இரு கண்களாலும் பார்க்கும் குறைந்த பெருக்கமுடைய அறுப்பு நுண்ணோக்கி உகந்தது. சாயமேற்றாமல் உயிருள்ள அணுக்களைக் காட்டும் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியைக் கண்டமைக்காக ஃபிரிட்ஸ் செர்னிக்கேவுக்கு 1953ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. சாயமேற்றிய கிருமிகள் இருண்ட பின்னணியில் சுடர்விடுமாறு செய்யும் ஒளிர் நுண்ணோக்கி, காசநோய் ஆய்வில் இன்று பெரிதும் பயன்படுகிறது. ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை 1931ஆம் ஆண்டில் நோலும் ருஸ்காவும் ஜெர்மனியில் உருவாக்கினர். வைரசுகளின் வடிவத்தை மனிதன் கண்டது அதன் வழியாகவே.

இவ்வகைகளுள் உயர்ந்தது, தாழ்ந்தது என்று தரம் பிரித்தல் பொருந்தாது. வயலில் பயிர்ப்பூச்சியை இனங்காண வேண்டிய களப்பணியாளருக்கு, ஆயிரம் மடங்கு பெருக்கும் கருவியைவிட 10 மடங்கு பெருக்கும் கைலென்சு மிகுந்த பயன் தரும். பணிக்கேற்ற கருவியே நல்ல கருவி.

கண்ணுக்கு வேண்டிய நேரம்

காசநோய் ஐயமுள்ளவரின் சளிப் பூச்சை எண்ணெய் லென்சின் கீழ் ஆராயும்போது, கிருமி இல்லை என்று கூறுவதற்கு முன் குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பார்த்தல் வேண்டும் என்பது விதி. இவ்விதி பலருக்குத் தேவையற்ற கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு அவ்வாறு கூறவில்லை. எண்ணெய் லென்சின் ஒரு பார்வைப் புலத்தின் குறுக்களவு ஏறத்தாழ 0.18 மில்லிமீட்டர்தான். 100 புலங்களையும் சேர்த்தால் வரும் பரப்பு இரண்டரைச் சதுர மில்லிமீட்டர். 2 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பூச்சில் இது 240இல் ஒரு பங்கேயாகும்.

100 புலங்களில் சராசரியாக 5 கிருமிகளே உள்ள ஒரு பூச்சை எடுத்துக்கொள்வோம். 20 புலங்களோடு பார்வையை நிறுத்திக்கொள்பவர் சராசரியாக ஒரு கிருமியைக் காணலாம். ஆயினும் ஒன்றையேனும் காணாமற்போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டது. 100 புலங்களையும் பார்ப்பவருக்கு அவ்வாறு தவறும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. தவறவிடப்பட்ட தகட்டுக்கு உரியவர் இருமலோடு வீடு திரும்புகிறார். வீட்டாரோடு ஒரே அறையில் உறங்குகிறார். நுட்புநர் மிச்சப்படுத்திய நான்கைந்து நிமிடங்களுக்கு விலை கொடுப்பவர்கள் அவ்வீட்டிலுள்ளோரேயாவர்.

இதற்காக நுட்புநரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. ஒருவர் ஒரு நாளில் கவனத்தோடு பார்க்கக்கூடிய இத்தகைய தகடுகள் 20 அல்லது 25 என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. அதற்கு மேற்பட்ட தகடுகளை அவர் முன் குவித்து, இலக்கை எட்டியதாக அறிக்கை அனுப்பும் மேலதிகாரியும் அப்பிழையில் பங்குடையவர்.

பட்டுத் தொழிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு. பட்டுப்புழுவின் உடலில் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகளை உண்டாக்கும் பெப்ரின் நோய், தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்வது. 1865 முதல் 1870 வரை பிரான்சில் இந்நோயை ஆராய்ந்த லூயி பாஸ்டர், முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய் வித்துகள் இருப்பின் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை வகுத்தார். இந்தியாவின் பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையங்களில் அம்முறையே இன்றும் அடிப்படையாக உள்ளது. பளபளப்பான முட்டை வடிவ வித்து ஒன்றைக் கவனிக்கத் தவறினால், ஒரு தாயின் நானூறு, ஐந்நூறு முட்டைகளும் நோயோடு உழவர் வீட்டுத் தட்டுக்குச் செல்லும். அங்கிருந்து நோய் அத்தட்டிலுள்ள மற்றப் புழுக்களுக்கும் பரவும்.

நுண்ணோக்கியின் காலம் முடிந்ததா?

விரைவுச் சோதனை அட்டைகளும், கிருமியின் மரபுப் பொருளைக் கண்டறியும் இயந்திரங்களும் வந்துவிட்ட பின்னர், நுண்ணோக்கியைப் பழகுவதற்கு இவ்வளவு உழைப்பு எதற்கு என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. சாலை வசதியற்ற மலைச் சிற்றூரில், விரலில் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதியைக் கொண்டு கால்மணி நேரத்தில் மலேரியாவை அறிவிக்கும் அட்டை, ஒரு வாரம் கழித்து முடிவு வரும் நுண்ணோக்கித் தகட்டைவிட மேலானது. காசநோயை முதன்முதலாகக் கண்டறிவதற்கு மரபுப் பொருட் சோதனையே தக்கதென உலகச் சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துள்ளது.

ஆயினும் இச்சோதனைகளுக்கும் எல்லையுண்டு. பால்சிபாரம் வகை மலேரியாவைக் காட்டும் அட்டைகளில் பல, ஒட்டுண்ணி வெளியிடும் புரதமொன்றைக் கண்டறிபவை; நோய் தீர்ந்த பின்னரும் அப்புரதம் சில வாரங்கள் குருதியில் தங்கியிருக்கும். ஆகவே மருந்து வேலை செய்ததா என்பதை அவ்வட்டையால் கூற இயலாது. அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே இழந்துவிட்ட ஒட்டுண்ணிகளும் உள்ளன. அவை அட்டைக்குத் தப்பிவிடும். குருதியில் ஒட்டுண்ணிகள் எத்தனை, அவை எந்த வகை, எந்தப் பருவம் என்பவற்றைக் காட்டுவது நுண்ணோக்கியே. வைவாக்ஸ் வகைக்கு 14 நாள் மருந்து வேண்டும்; பால்சிபாரத்துக்கு மருத்துவமுறை வேறு. காசநோயிலும், மரபுப் பொருட் சோதனை இறந்த கிருமியையும் காட்டக்கூடுமாதலால், மருத்துவத்தின் இடையே நோயாளியின் முன்னேற்றத்தை அறியச் சளிப் பூச்சு இன்னும் தேவைப்படுகிறது.

இந்நாட்டின் அனுபவமும் இதற்குச் சான்று. இந்திய மலேரியா நிறுவனத்தைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங்கும் பட்டாசார்ஜியும் 1944ஆம் ஆண்டில் உருவாக்கிய சாயமுறை, அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் ஜே.எஸ்.பி. சாயம் என வழங்கி, இலட்சக்கணக்கான குருதிப் பூச்சுகளை விரைவில் ஆராய உதவியது. 1958இல் தொடங்கிய தேசிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் பயனாக 1965ஆம் ஆண்டில் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு இலட்சமாகக் குறைந்தது. நோய் தீர்ந்தது என்ற எண்ணம் பரவியது. 1976ஆம் ஆண்டில் எண்ணிக்கை 64 இலட்சத்துக்கும் மேல் உயர்ந்தது. பூச்சிமருந்துத் தட்டுப்பாடு, கொசுக்களின் எதிர்ப்புத்திறன், கண்காணிப்பில் நேர்ந்த தளர்ச்சி எனக் காரணங்கள் பல.

2030ஆம் ஆண்டுக்குள் மலேரியாவை அகற்றுவது என்னும் குறிக்கோளை இந்தியா மேற்கொண்டுள்ளது. நோய் குறையக் குறைய, மாதக்கணக்கில் ஒட்டுண்ணியையே காணாத நுட்புநர்கள் பெருகுவர். ஒவ்வொரு நோயாளியையும் தவறாது கண்டுபிடிக்க வேண்டிய கட்டத்தில்தான் கண்ணின் பழக்கம் குன்றத் தொடங்கும். ஆதலின், ஒட்டுண்ணி உள்ள பழைய தகடுகளைச் சேமித்து, ஒவ்வோர் ஆய்வுக்கூடத்துக்கும் அவ்வப்போது அனுப்பி, நுட்புநரின் கண்ணைப் பழக்கத்தில் வைத்திருத்தல் மிக இன்றியமையாதது.

பேணும் முறை

ஈரமிகுந்த நாடாகிய இந்தியாவில் லென்சின் முதற் பகை பூஞ்சணம். மழைக்காலத்தில் தோற்பெட்டியிலோ மரப்பெட்டியிலோ மாதக்கணக்கில் பூட்டி வைக்கப்பட்ட கருவியின் லென்சில் சிலந்தி வலை போன்ற இழைகள் படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பயன்படுத்தினால் பழுதாகும் என்றஞ்சிப் பூட்டி வைப்பதே பழுதுக்கு வழியாகிறது. சிறிய மின்விளக்கு எரியும் அலமாரியிலோ, சிலிக்கா களி வைத்த மூடிய பெட்டியிலோ கருவியை வைத்தல் வேண்டும். களி நிறம் மாறியதும் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தலாம்.

எண்ணெய் லென்சை அன்றன்று லென்சுத் தாளால் துடைத்தல் வேண்டும். 40 மடங்கு லென்சு மங்கலாகத் தெரிகிறது என்னும் முறையீடு எழும்போது, தவறி அதன்மேல் பட்டுக் காய்ந்த எண்ணெயே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சைலீன் போன்ற கரைப்பான்களை மிகச் சிறிதளவே பயன்படுத்த வேண்டும். மிகுந்தால் லென்சுகளை ஒட்டிய பசையே இளகிவிடும். கருவியைத் தூக்கும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை அடிக்கட்டையின் கீழும் இருத்தல் வேண்டும். பார்வையை எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்கி, பக்கவாட்டில் நோக்கியவாறே லென்சைத் தகட்டருகே கொணர்தல், தகடும் லென்சும் உடையாமற் காக்கும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கருவி வாங்கும் நிலையங்கள், அதனோடு மாற்று விளக்குகள், லென்சுத் தாள், உலர்பெட்டி, ஆண்டுக்கொரு முறை பழுதுபார்க்கும் ஏற்பாடு ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக, நுட்புநரின் வேலையைத் தகடுகளின் எண்ணிக்கையால் மட்டும் அளவிடாமல், முன்முடிவு தெரியாத வேறொருவர் அத்தகடுகளுள் சிலவற்றை மீண்டும் பார்த்து ஒப்பிடும் முறையால் அளவிட வேண்டும். காசநோய்த் திட்டத்தில் உள்ள இம்முறை, தண்டனைக்குக் கருவியாகாமல் பயிற்சிக்குக் கருவியாதல் வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர்களின் பொறுப்பு. செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு சிற்றெழுத்தை மேடைமேல் வைத்தால், அது தலைகீழாகவும் இடவலம் மாறியும் தோன்றுவதை மாணவர் தாமே காண்பர். மில்லிமீட்டர் அளவுகோலைக் குறைந்த பெருக்கத்தில் பார்த்தால் பார்வைப் புலத்தின் குறுக்களவை அளந்துவிடலாம். பின்னர் வெங்காயத் தோலின் ஓர் அணு எவ்வளவு நீளம் என்பதையும் கணக்கிடலாம். கண்டதை அன்றே வரையச் செய்தல் வேண்டும். பாடநூற் படத்தைப் பார்த்து வரைந்த படத்துக்கு மதிப்பெண் அளித்தல் கூடாது. வகுப்பில் 40 பேர் இருப்பினும், ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் வீதம் மூன்று பாடவேளைகளில் அனைவரையும் பார்க்கச் செய்ய இயலும்.

நாளைய நுட்புநர்களும் வேளாண் அலுவலர்களும் மருத்துவர்களும் இன்று அவ்வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கின்றனர். இருப்புப் பதிவேட்டில் "நுண்ணோக்கி – 1, நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதும் இடத்துக்கு அருகிலேயே, அவ்வாண்டில் அதன் வழியே பார்த்த மாணவர் எத்தனை பேர் என்பதையும் எழுதும் வழக்கம் ஏற்படுமாயின், கருவி நல்ல நிலையில் இருப்பதன் பொருள் என்ன என்பது பள்ளிக்கும் தெரியும்; ஆய்வு செய்ய வரும் அதிகாரிக்கும் தெரியும்.